வயதானவர்கள் வீட்டுக் கணினிக்கு இரைச்சல் இல்லாத, கட்டுப்படியாகும் கேபினட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கும் பெரியம்மைக்கும் மேசைக் கணினி ஒன்றை அமைத்துக் கொடுத்தபோது, எந்தப் பிராசசர், எந்த மானிட்டர் என்று நாள் கணக்கில் யோசித்த நான், கேபினட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். உடன் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கிடைத்த ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் மாட்டி, தார்சாவில் ஜன்னல் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு ஊர் திரும்பினேன். மறுமாதம் போய்ப் பார்த்தபோது கணினி அணைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. “தண்ணி மோட்டார் ஓடுத மாதிரில்லா இரையுது. பிள்ளை பேசுதது ஒண்ணும் விளங்க மாட்டேங்கு” என்றார் பெரியம்மை. வெளியூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்காகத்தான் அந்தக் கணினியே வாங்கப்பட்டது. அந்தக் கேபினட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று வாங்கும் வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றையும், அதன்பின் உறவினர், அக்கம்பக்கத்தார் வீடுகளுக்குத் தேடிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கேபினட் என்று நான் சொல்வது, மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., டிஸ்க் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மாட்டும் வெறும் தகட்டுப் பெட்டியை. நம் பக்கத்தில் பலர் அந்தப் பெட்டி முழுவதையும் சி.பி.யு. என்றே சொல்வதால், கடையில் கேட்கும்போது “எஸ்.எம்.பி.எஸ். இல்லாமல் கேபினட் மட்டும் தனியாக வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பெரியவர்கள் காதும் பெட்டியின் ஓசையும்

வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியில் உள்ள ஓசைகளைத்தான். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிக்கின்றன. ஆனால் க, ச, த, ப போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில், மிக மெலிதாக இருக்கின்றன. “சத்தம் கேக்கு, என்ன சொல்லுதான்னுதான் தெரியல” என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. அந்த மெலிந்த கூறுகளின்மேல் ஒரு ஃபேனின் இடைவிடாத இரைச்சல் படியும்போது மிச்சமிருப்பதும் மறைந்துபோகிறது. காது கேட்கும் கருவி அணிந்திருப்பவருக்கு இன்னும் சிரமம், ஏனென்றால் அந்தக் கருவி பேச்சோடு சேர்த்துப் பக்கத்திலுள்ள இரைச்சலையும் ஓரளவு பெருக்கிக் கொடுக்கும். மேசையில் இருக்கும் மைக்கும் அதே இரைச்சலை வாங்கி மறுமுனைக்கு அனுப்புகிறது. அதனால் மகளும் “என்னப்பா, மறுபடி சொல்லுங்க” என்கிறாள், இருபுறமும் குரல் உயர்கிறது, ஐந்து நிமிடத்தில் எல்லோரும் களைத்துவிடுகிறார்கள். இளைஞர்களுக்கு அமைதியான கேபினட் ஒரு வசதி. வயதான தம்பதிக்கோ அந்தக் கணினி பயன்படுமா, துண்டு போர்த்திக் கிடக்குமா என்பதையே அது முடிவுசெய்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நம் காதில் குத்தும் மெல்லிய கீச்சொலி அவர்களுக்குக் கேட்காமலே போகலாம். நாம் பொருட்படுத்தாத தாழ்ந்த உறுமல் அவர்களைத் தொந்தரவு செய்யலாம். ஆகையால் நல்லதா இல்லையா என்ற முடிவை அவர்களின் காதே சொல்ல வேண்டும்.

முதலில் உள்ளே என்ன இருக்கப்போகிறது என்பதைத் தீர்மானியுங்கள்

கேபினட் தானாக ஓசை எழுப்புவதில்லை. உள்ளே சூடு உண்டாகிறது, சூட்டை வெளியேற்ற ஃபேன் சுழல்கிறது, ஃபேன் சுழல்வதால் ஓசை வருகிறது. எனவே சூட்டைக் குறைப்பதே மிக மலிவான வழி. மின்னஞ்சல், காணொளி அழைப்பு, கோயில் விழா நேரலை, வங்கி வேலை, பேரப்பிள்ளைகளின் படங்கள் ஆகியவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் தேவையில்லை. கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய, 65 வாட் வகைப் பிராசசரே தாராளமாகப் போதும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் அதன் ஃபேனும் இல்லை.

டிஸ்க்கும் அப்படித்தான். பழைய வகை ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழல்கிறது. அதாவது நொடிக்கு 120 முறை. அந்த அதிர்வு மெல்லிய தகட்டுக்குள் இறங்கினால் பெட்டி முழுவதுமே ஒரு தம்புராவைப் போல ரீங்கரிக்கத் தொடங்கிவிடும். புதிய வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது, ஓசையும் கிடையாது. பழைய படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட முடியாது என்றால், அதை உள்ளே மாட்டாமல் தேவைப்படும்போது மட்டும் வெளியிலிருந்து இணைக்கும்படி ஒரு உறை வாங்கிக் கொடுத்துவிடலாம். அப்படியும் உள்ளேதான் மாட்ட வேண்டும் என்றால், திருகுகளுக்கு இடையே ரப்பர் வாஷர் உள்ள டிஸ்க் தட்டு கேபினட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடிவானபின், மதர்போர்டு 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவில் இருப்பதே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். அதற்கேற்ற கேபினட் ஏறத்தாழ 40 செ.மீ. உயரத்தில் அடங்கிவிடும், உள்ளே காற்று நடமாடவும் இடமிருக்கும். 170 மி.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். பெட்டிகள் அழகாகத் தெரிந்தாலும் விலை கூடுதல், இடம் குறுகல், அதனால் சின்ன ஃபேன். எனக்கு அவற்றில் நாட்டமில்லை. உள்ளங்கை அளவுள்ள மினி கணினிகளும் நல்லவைதான். ஆனால் அவற்றில் ஒரு ஃபேன் கெட்டால் அதே மாதிரி ஃபேனைத் தேடி அலைய வேண்டும், பொதுவான அளவுள்ள கேபினட்டுக்கோ வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு கடையில் ஏறி இறங்கினால் மாற்று ஃபேன் கிடைத்துவிடும். பழைய அலுவலகக் கணினியின் பாகங்களைப் புதிய கேபினட்டுக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றின் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ். இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், பொதுவான கேபினட்டில் உட்காராது. பணம் கொடுப்பதற்கு முன்பு மதர்போர்டைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபேன் கணக்கு

அமைதி என்றதும் எல்லா ஓட்டைகளையும் அடைத்த, பஞ்சு ஒட்டிய கனத்த பெட்டிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஃபிராக்டல் டிசைன், பீ கொயட் போன்ற நிறுவனங்கள் அப்படிப்பட்ட கேபினட்டுகளை மிகச் சிறப்பாகவே செய்கின்றன. ஆனால் அவற்றின் விலையில் இந்தத் தம்பதிக்குப் பிராசசரையே வாங்கிவிடலாம். நமக்கு வேண்டியதைப் பெரிய ஃபேனும் குறைந்த வேகமும் கொடுத்துவிடும்.

120 மி.மீ. ஃபேனின் பரப்பு 80 மி.மீ. ஃபேனின் பரப்பைப்போல இரண்டேகால் மடங்கு. ஆகவே அதே அளவு காற்றைத் தள்ள அது மெதுவாகச் சுழன்றால் போதும். வேகத்தைக் குறைப்பதன் பலன் நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று பாதியாகும், ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் குறைந்துவிடும். ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்களைச் சேர்த்து ஓடவிட்டால் ஓசை கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு ஃபேன் முழு வேகத்தில் தள்ளும் காற்றை இரண்டு ஃபேன்கள் அரை வேகத்தில் தள்ளிவிடும், அப்போது ஓசை 12 டெசிபல் குறைந்திருக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு இரைச்சல் பாதியானதுபோலத் தோன்றும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 120 மி.மீ. ஃபேன்கள் நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றில் ஓடும் அமைப்பைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். 140 மி.மீ. ஃபேன் மாட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

ஃபேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் பயனில்லை, இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஃபேன் வயரின் நுனியைப் பாருங்கள். நான்கு துளைகள் உள்ள சிறிய இணைப்பி என்றால் அது பி.டபிள்யூ.எம். வகை, மதர்போர்டு அதன் வேகத்தை நேரடியாக ஆளும். மூன்று துளைகள் உள்ளதையும் பெரும்பாலான மதர்போர்டுகள் மின்னழுத்தத்தைக் குறைத்து அடக்கிவிடும். மோலெக்ஸ் எனப்படும் பெரிய வெள்ளை அல்லது கறுப்பு இணைப்பி மட்டும் இருந்தால், அது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக 12 வோல்ட்டை வாங்கிக்கொண்டு எப்போதும் முழு வேகத்தில் ஓடும். பளபளவென வண்ண விளக்கு எரியும் மலிவான கேபினட்டுகளில் பலவற்றிலும் இந்த வகை ஃபேன்களே வருகின்றன. பெரியம்மை துண்டு போர்த்திய பெட்டியிலும் இதுதான் இருந்தது.

ஃபேனுக்குள் இருக்கும் பேரிங் வகையையும் விசாரியுங்கள். ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதியாக ஓடும், ஆனால் நம் ஊர் வெயிலில் அதன் எண்ணெய் வற்ற வற்றக் கரகரவென்று தேயத் தொடங்கும். அதிலும் பெட்டியின் கூரையில் படுக்கைவசமாக மாட்டினால் இன்னும் சீக்கிரம். ஹைட்ராலிக் அல்லது ஃப்ளூயிட் வகைக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். பிராசசரோடு பெட்டியிலேயே இலவசமாக வரும் ஃபேன் சிறியது. பல கணினிகளில் கடைசியில் மிச்சமிருக்கும் இரைச்சல் அதனுடையதாகவே இருக்கிறது. பின்னாளில் அதை எடுத்துவிட்டு 120 மி.மீ. ஃபேன் கொண்ட உயரமான கூலரை மாட்ட நினைத்தால், கேபினட்டில் கூலருக்கு 155 அல்லது 160 மி.மீ. உயரம் இடம் இருக்க வேண்டும். இந்த அளவு கேபினட்டின் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

தகட்டைத் தட்டிப் பாருங்கள்

காருகுறிச்சியில் மண்பானை வாங்குபவர்கள் பானையைக் கையில் ஏந்தி, விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த, விரிசல் இல்லாத பானை. கேபினட்டின் பக்கத் தகட்டையும் அதேபோல் நடுவில் தட்டிப் பாருங்கள், ஆனால் இங்கே கணக்கு தலைகீழ். கணீரென்று ஒலித்து அந்த ஒலி நீண்டு அடங்கினால், உள்ளே ஓடும் ஃபேனின் ஒவ்வொரு அதிர்வுக்கும் அந்தத் தகடு பதில் சொல்லும் என்று பொருள். “டொக்” என்று உடனே அடங்கினால் அது நமக்கு ஏற்ற பெட்டி. மிக மலிவான கேபினட்டுகளில் தகடு அரை மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்கும், 0.7, 0.8 மி.மீ. என்றால் எடுத்துத் தூக்கும்போதே கைக்குத் தெரியும். பெட்டியின் இரு மூலைகளையும் பிடித்து லேசாக முறுக்கினால் நெளியக் கூடாது. மூடி திருகிய பிறகு ஓரங்களில் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்விளிம்புகளில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்; வெட்டிய தகடு மடிக்கப்படாமல் கூராக இருந்தால் அந்தக் கேபினட்டை விட்டுவிடலாம், ஏனென்றால் பின்னால் அதைத் திறந்து துடைக்கப் போவது எழுபது வயதுக்காரரின் கையாகவும் இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து தகடு மட்டும் சற்று மெலிந்திருந்தால் அதற்கு மாற்று உண்டு. கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் தகடு கார் உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு துண்டு வெட்டி, பக்கத் தகட்டின் உட்புறம் நடுவில், பரப்பில் கால் பங்கு மூடும் அளவுக்கு ஒட்டினாலே கணீர் ஒலி டொக்காகிவிடும். பெரியப்பா வீட்டில் அவரே ஒட்டினார். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் தட்டி, கருவி அணிந்த காதைத் தகட்டின் அருகே கொண்டுபோய், தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

சிலர் உள்ளே பஞ்சு ஒட்டச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். தாழ்ந்த உறுமலின் அலைநீளம் மிகப் பெரிது. 100 ஹெர்ட்ஸ் ஓசைக்கு அது 3 மீட்டரையும் தாண்டும். அரை அங்குலப் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது, சூட்டையும் தூசியையும்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கண்ணாடி வேண்டாம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் காட்டப்படுவது ஒருபக்கமோ முன்பக்கமோ கண்ணாடி பதித்து, உள்ளே ஆர்.ஜி.பி. விளக்குகள் சுழலும் கேபினட்டாகத்தான் இருக்கும். முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று ஓரத்திலுள்ள ஒரு கீற்று வழியாகத்தான் நுழைய முடியும். மூச்சுத் திணறும் ஃபேன் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். பக்கக் கண்ணாடியைக் கழற்றித் தரையோட்டின்மேல் ஊன்றி வைக்கும்போது மூலையில் ஒரு சிறு அடி பட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிரும். வயதானவர்கள் வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் அந்த ஆபத்து எதற்கு? விளக்கு வெளிச்சமும் இரவில் கண்ணை உறுத்தும்.

நம் ஊர் வெயிலும் மேல்காற்றும்

குளிர்ப்பிரதேசத்தில் எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்கு ஒத்துவராத இடம் இது. அக்கினி நட்சத்திரத்தின்போது பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. ஓட்டு வீட்டிலோ தளத்துக்கு நேர் கீழேயுள்ள அறையிலோ உள்ளேயும் 35 டிகிரிக்குக் குறையாது. அறையின் சூடு 10 டிகிரி கூடினால் கேபினட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் சூடும் ஏறத்தாழ அதே 10 டிகிரி கூடும். அடைத்த முகப்புள்ள பெட்டி மார்கழியில் அமைதியாக இருந்துவிட்டுச் சித்திரையில் கத்தத் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். எனவே முன்பக்கம் முழுவதும் வலை போட்ட, காற்றுத் தாராளமாக நுழையும் முகப்பையே தேர்ந்தெடுங்கள். வலை வழியாக ஓசை சற்றுக் கூடுதலாக வெளியே வருவது உண்மைதான். ஆனாலும் மெதுவாகச் சுழலும் ஃபேன், அடைத்த பெட்டிக்குள் வேகமாகச் சுழலும் ஃபேனைவிட அமைதியானது.

வலை முகப்பு என்றால் தூசி வரும். ஆனியிலும் ஆடியிலும் மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே மேல்காற்று இறங்கும்போது, காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் எழுதலாம். இராதாபுரம், பணகுடிப் பக்கம் செம்மண்ணும் சேர்ந்துகொள்ளும். தூசி படிந்த வலையில் காற்று நுழையாது, ஃபேன் வேகமெடுக்கும், இரைச்சல் திரும்பிவிடும். ஆகவே கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி முன்பக்கமும் அடிப்பக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, அது எப்படிக் கழல்கிறது என்பதையும் கடையிலேயே கழற்றிப் பாருங்கள். காந்தத்தால் ஒட்டியிருந்து இழுத்தவுடன் வருவது நல்லது. அடிப்பக்க வடிகட்டி முன்புறமாகவோ பக்கவாட்டிலோ இழுப்பறைபோல வெளியே வர வேண்டும். பின்புறமாக வருவதென்றால் ஒவ்வொரு முறையும் பெட்டியை நகர்த்தி வயர்களுக்குள் கை விட வேண்டியிருக்கும், அதை யாரும் செய்யப்போவதில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.

கேபினட்டோடு இலவசம்போலச் சேர்ந்து வரும் எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் சின்ன ஃபேன் இரைச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம். மேலே ஒட்டியிருக்கும் வாட் எண்ணையும் நம்ப முடியாது. நாம் சொல்லும் கணினி சும்மா இருக்கும்போது 30, 40 வாட் அளவிலும், முழுமூச்சாக வேலை செய்யும்போது 100 வாட் அளவிலும்தான் மின்சாரம் எடுக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரையும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள 400 அல்லது 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இந்தச் சுமையைக் கொஞ்சமும் சிரமமில்லாமல் தாங்கும், அதன் ஃபேனும் பெரும்பாலும் மெதுவாகவே ஓடும். கேபினட்டில் எஸ்.எம்.பி.எஸ். அடியில் உட்காரும் அமைப்பு இருந்தால் அது தனக்கான காற்றைக் கீழிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெட்டியின் கால்கள் ஓர் அங்குலமாவது உயர்ந்து, நுனியில் ரப்பர் இருக்க வேண்டும்.

கைக்கும் கண்ணுக்கும் ஏற்றதாக

ஆன் செய்யும் பொத்தான் முன்முகத்தில், பெரிதாக, அழுத்தினால் தெளிவாக உள்ளே போய் வருவதாக இருக்கட்டும். கேபினட்டின் தலையில் பொத்தான் உள்ளவற்றின்மேல் செய்தித்தாளையும் மருந்துப் பையையும் வைத்து அணைத்துவிடுவார்கள். யு.எஸ்.பி. துளைகள் முன்பக்கத்தின் மேல் ஓரத்தில் இருந்தால் குனியாமல் பென்டிரைவ் செருகலாம். ஹெட்போன் துளையும் பக்கத்திலேயே இருப்பது நல்லது. நிறத்தில் ஒரு சிறு யோசனை: கறுப்புப் பெட்டியில் கறுப்புப் பொத்தான் மங்கிய கண்ணுக்குத் தெரியாது, வாங்கியவுடன் பொத்தானைச் சுற்றி வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

கடையில்

நான் அண்மையில் விசாரித்தவரை, மேலே சொன்ன தன்மைகள் கொண்ட, இரண்டு 120 மி.மீ. ஃபேன்களோடு வரும் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். கேபினட் ஏறத்தாழ 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கூலர் மாஸ்டர், டீப்கூல், ஆன்ட் இஸ்போர்ட்ஸ், செப்ரானிக்ஸ் என்று கடையில் இருப்பவற்றைப் பார்க்கலாம், ஆனால் பெயரைப் பார்த்து வாங்காமல் தகடு, வலை, வடிகட்டி, ஃபேன் இணைப்பி ஆகிய நான்கையும் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு ஃபேனோடு வரும் நல்ல கேபினட்டும், தனியாக வாங்கிய ஒரு பி.டபிள்யூ.எம். ஃபேனும் சேர்ந்து, நான்கு விளக்கு ஃபேன்களோடு வருவதைவிட மலிவாக அமைந்துவிடுவது உண்டு. கடையில் ஓடவிட்டுக் கேட்பதில் பெரிய பயன் இல்லை, தெரு இரைச்சலில் எதுவும் அமைதியாகத்தான் தோன்றும். “வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, சரிப்படாவிட்டால் ஃபேனை மாற்றிக்கொள்ளலாமா, அண்ணாச்சி?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; ஒப்புக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. பில்லை மறக்காமல் வாங்கி, கேபினட்டின் அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

மாட்டுபவரிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஃபேன்களை மதர்போர்டில்தான் இணைக்க வேண்டும். வயர்களைப் பின்தகட்டின் ஓரமாக இழுத்துக் கட்ட வேண்டும், தொங்கும் வயர் காற்றை மறிக்கும், ஃபேன் இறக்கையில் உரசினால் டிக்டிக்கென்று ஓசையும் தரும்.

வீட்டில் வைக்கும் இடம்

பெரியவர்கள் மதியம் பாயை விரித்துத் தரையில்தான் படுக்கிறார்கள். தரையில் வைத்த கேபினட்டின் ஃபேன் அப்போது அவர்கள் காதுக்கு நேராக இருக்கிறது. முன்னால் சொன்னேனே, தரையில் வைத்துவிட்டு வந்தேன் என்று, அதுவும் தவறுதான். ஓர் அடி உயரமுள்ள பலகையிலோ முக்காலியிலோ வையுங்கள். தரை துடைக்கும் தண்ணீர், எறும்பு, பாச்சை எல்லாவற்றுக்கும் அது தடுப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தபோது எத்தனையோ வீடுகளில் தரையில் இருந்தவையெல்லாம் நனைந்தன. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் கேபினட்டை மேசைமேல் ஏற்றிவிடுவதே நல்லது.

பலகைக்கும் கேபினட்டின் கால்களுக்கும் இடையே பழைய ரப்பர் பாயின் துண்டுகளை வைத்தால் அதிர்வு மரத்துக்குள் இறங்காது. பின்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கணினி மேசையின் கதவுள்ள அறைக்குள் தள்ளிவிட்டால், வெளியேற்றிய சூடான காற்றையே ஃபேன் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேராகவும், அடுக்களைத் தாளிப்புப் புகை வந்து சேரும் வாசலருகேயும் வேண்டாம். மைக்குக்கும் கேபினட்டுக்கும் இடையே மேசைப் பலகை இருக்கும்படி வைத்தால் மறுமுனைக்கு இரைச்சல் வெகுவாகக் குறையும்.

பிறகு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ஃபேன் வேகத்தை அமைதி நிலையில் வையுங்கள். பிராசசர் 60 டிகிரியைத் தொடும்வரை ஃபேன் குறைந்த வேகத்திலேயே ஓடட்டும், அதன்பின் படிப்படியாக ஏறட்டும். ஒரு நொடி ஏறி மறுநொடி இறங்கும் ஃபேன், ஒரே சீராக ஓடும் ஃபேனைவிடத் தொந்தரவானது; வேகம் மாறுவதற்கு முன் சில நொடிகள் பொறுக்கச் சொல்லும் அமைப்பு பல மதர்போர்டுகளில் இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள். இவ்வளவும் செய்தபின் விடியற்காலை ஐந்து மணிக்கு, சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, அவர்கள் வழக்கமாக அமரும் நாற்காலியில் அவர்களையே உட்காரவைத்துக் கணினியை ஓடவிடுங்கள். பகலில் சீலிங் ஃபேனின் ஓசையே கேபினட்டின் ஓசையை மூடிவிடும் என்பதால் அந்த நேரத்துச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். அப்போது ஏதாவது உறுமினால், பக்கத் தகட்டை உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் தகடு, நிற்காவிட்டால் ஃபேன்.

வடிகட்டியைக் கழுவும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். மேல்காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாள்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். குழாயடியில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். சாரல் நாள்களில் உலர ஒரு பகல் முழுவதும் பிடிக்கும், அதுவரை கணினியை அணைத்தே வைக்கலாம். வீரவநல்லூரில் இந்தப் பொறுப்பைப் பெரியம்மை எடுத்துக்கொண்டார். வடிகட்டியைக் கழுவி, முற்றத்துக் கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிட்டு, நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைக்கிறார். மறுநாள் காலை பெரியப்பா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகே கேபினட்டில் ஒட்டுகிறார்.